பஞ்சு அடைக்காத பூட்டு

திருப்பூர் பனியன் கம்பெனி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தையல் மெஷின்தான் கண்முன் வரும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், தைப்பதற்குச் சமமாக அறுப்பதும் இந்தத் தொழிலில் உண்டு. நூல் மூட்டை வந்து இறங்கினால் அதன் வாய்த்தையலை அறுக்க வேண்டும். நிட்டிங் மெஷினிலிருந்து ரோலை இறக்கும்போது துணியைக் குறுக்கே அறுக்க வேண்டும். சாயப்பட்டறையிலிருந்து வரும் ரோலின் பாலிதீன் உறை, அதைக் கட்டிய துணிநாடா, லாரிக் கயிறு, அட்டைப்பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை, டேப், ஓவர்லாக் மெஷின் தண்டில் சிக்கிக்கொள்ளும் நூல், மெக்கானிக் உரிக்கும் ஒயர் என்று காலை ஷிப்ட் தொடங்கி ராத்திரி பெட்டி ஏறும் வரை யாராவது ஒருவர் எதையாவது அறுத்துக்கொண்டே இருப்பார்.

கட்டிங் ஹாலுக்கு மெஷின் வாங்கும்போது முதலாளியும் மாஸ்டரும் உட்கார்ந்து பேசி, டெமோ பார்த்து, ஸ்பேர் கிடைக்குமா என்று விசாரித்துத்தான் வாங்குவார்கள். இந்தச் சில்லறை வேலைகளுக்கான கத்தியை மட்டும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. உடைந்த ஹாக்ஸா பிளேடைத் தீட்டி, ஒரு முனையில் பனியன் துண்டைச் சுற்றிப் பிடியாக்கி வைத்திருப்பார்கள். ஷேவிங் பிளேடைப் பாதியாக ஒடித்துச் சட்டைப் பையில் போட்டிருப்பார்கள். கை கிழிவது பெரும்பாலும் இதில்தான். கட்டிங் மாஸ்டராக இருந்து பிறகு ஃப்ளோர் முழுவதையும் பார்க்கும் பொறுப்புக்கு வந்தபோது, இதற்கு ஒழுங்கான ஒரு மடக்குக்கத்தியைத் தேடிப் பிடிக்கும் வேலையை நானே விரும்பி எடுத்துக்கொண்டேன். அந்தத் தேடலில் எனக்குத் தெளிவானவை இரண்டு. மழுங்கிய கத்தியை அதே ஃப்ளோரில், அதைப் பிடிக்கிற ஆளே மறுபடி கூராக்க முடிய வேண்டும். விரித்த கத்தி, பஞ்சு பறக்கும் இந்த இடத்தில், விரித்தபடியே நிற்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அது நல்ல கத்தி. இல்லாவிட்டால் எந்த நாட்டுப் பெயர் பொறித்திருந்தாலும் நமக்கு ஆகாது.

கத்தியைப் பற்றி நான் கற்றதெல்லாம் கட்டிங் டேபிளில். துணி அடுக்கை வெட்டும் மின்கத்தி 1888இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஈஸ்ட்மன் என்பவர் செய்தது. அதே வடிவம் இன்றைக்கும் திருப்பூரில் ஓடுகிறது. நேர் அலகு, நிமிஷத்துக்கு 2,800 முறை மேலும் கீழும் போய்வரும். இப்போது பெரிய கம்பெனிகளில் கெர்பர், லெக்ட்ரா கணினி மெஷின்கள் லே எனும் துணி அடுக்கை உறிஞ்சிப் பிடித்துத் தாமாகவே வெட்டுகின்றன. 2021இல் அந்த இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகிவிட்டன. ஆனால் ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்களில் மாஸ்டரின் கையும் நேர் அலகும்தான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், புது அலகு மாட்டியதும் உடனே லேயில் இறக்க விடமாட்டார். "கண்ணு, மொதல்ல சத்தத்தைக் கேளு. துணி என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்பறம் தள்ளு" என்பார். கூரான அலகு அடுக்குக்குள் போகும்போது ஒரே சீரான சத்தம் வரும். மழுங்கியதும் துணியைத் தள்ள ஆரம்பிக்கும். வெட்டிய துண்டுகளில் மேல் பிட்டும் கீழ் பிட்டும் அளவு மாறும். லைக்ரா கலந்த துணி, பாலியெஸ்டர் என்றால் சூட்டில் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் தீட்டுவதைத் தள்ளிப்போடவே மாட்டார். மெஷினிலேயே இருக்கும் எமரி பெல்ட்டை அடிக்கடி ஒருமுறை இறக்கி ஏற்றுவார். தீட்டித் தீட்டி அகலம் குறைந்த அலகைத் தூக்கிப் போடாமல் தனியாக எடுத்து வைப்பார். கழுத்து, கைக்குழி வளைவுகளில் அகலமான அலகு திரும்பாது, தேய்ந்து ஒல்லியான அலகு சுலபமாகத் திரும்பும். அலகு எந்த வேலைக்கு, எப்போது தீட்ட, எதுவரை வைத்திருக்க என்ற மூன்று கேள்விகளும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. மடக்குக்கத்தி வாங்கும்போது நான் கேட்டதும் அவற்றைத்தான்.

முதலில் வழக்கமாக எல்லோரும் கைநீட்டுவது கட்டர். நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கும் அந்தக் கட்டரை 1956இல் ஜப்பானில் ஒகாடா என்பவர் உருவாக்கினார். சாக்லெட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. ஓல்ஃபா என்ற பெயரில் உலகம் முழுவதும் போனது. காகிதத்துக்கும் ஸ்டிக்கர் கடைக்கும் அதைவிட நல்ல கருவி கிடையாது. பனியன் கம்பெனிக்கு அது ஆபத்து. ஒடித்த துண்டு எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. தரையில் விழுந்த துண்டு பிட்டுக் கட்டில் ஒட்டி, பிட்டுக் கட்டு தையல் நடக்கும் பவர் டேபிளுக்குப் போய், அங்கிருந்து குழந்தையின் பாடி சூட் ஒன்றின் மடிப்புக்குள் போய்விடலாம்.

ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகவே புரியும். 1970களின் கடைசியில் இத்தாலியிலிருந்து வெள்ளை டீ-சர்ட் வாங்க ஒரு பையர் வந்ததில் தொடங்கியதுதான் இன்றைய திருப்பூர் ஏற்றுமதி. பையர்கள் பெருகப் பெருகக் கட்டுப்பாடுகளும் வந்தன. தையல் ஊசி உடைந்தால் துண்டுகளை எல்லாம் தேடிச் சேர்த்து, ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். கத்தரிக்கோலைக் கயிற்றால் மெஷினோடு கட்டியிருப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு உருப்படியும் மெட்டல் டிடெக்டர் பெல்ட்டில் போகும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இரும்புக் குண்டைக்கூட அது பிடிக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் பெல்ட்டை ஓட விடுவார்கள். அது கூவிவிட்டால் அந்த லாட் பெட்டிகளைத் திரும்பப் பிரிக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில், ஒடிவதற்கென்றே செய்த அலகை உள்ளே விடுவது நியாயமே இல்லை. பல பையர்களின் விதிகளில் அதற்குத் தடையும் உண்டு.

ஆக, தேவை ஒரே துண்டாக இருக்கும் அலகு. வேலை முடிந்ததும் கூர் மறைந்துவிட வேண்டும். அதுதான் மடக்குக்கத்தி. பழைய பேனாக்கத்தியில் ஒரு குறை: விரித்தபின் அதை நிறுத்திப் பிடிக்க ஒரு வில் மட்டுமே உண்டு. அழுத்தம் எதிர்ப்புறம் விழுந்தால் அலகு விரல்மேல் மடங்கும். விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பரவலாக்கியது 1964இல் அமெரிக்காவில் பக் நிறுவனம் கொண்டுவந்த 110 என்ற மாடல். வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது, 200 கிராம் கனம். பூட்டு முதுகுப் பக்கம் இருக்கும். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கைவினைஞர் பிடிக்குள்ளேயே இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகைத் தாங்கும் முறையைத் துல்லியமாக்கினார். லைனர் லாக் என்று சொல்வது அதைத்தான். 1981இல் ஸ்பைடர்கோ என்ற நிறுவனம் அலகில் ஒரு வட்டத் துளையும் பிடியில் ஒரு கிளிப்பும் வைத்துக் கத்தி செய்தது. துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் ஒரே கையால் விரிக்கலாம். இவையெல்லாம் சேர்ந்துதான் பின்னால் ராணுவத்தாரும் போலீஸாரும் விரும்பும் டேக்டிகல் மடக்குக்கத்தி ஆனது. கறுப்புப் பூச்சு, ஈட்டிபோல் முனை, அடிப்பக்கம் ரம்பப்பல், பாக்கெட்டில் மாட்டும் கிளிப் என்று இன்றைக்கு ஆன்லைனில் குவிந்து கிடக்கிறது.

இந்த வகைக் கத்தியிலிருந்து பனியன் தொழிலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரே கையால் விரிப்பது. 50 கிலோ நூல் மூட்டையின் வாயை இடது கையில் இழுத்துப் பிடித்திருப்பவருக்கு வலது கை மட்டும்தான் மிச்சம். இரண்டாவது, பூட்டு. மற்றதெல்லாம் நமக்கு எதிரி.

முனையை எடுத்துக்கொள்வோம். கூர்முனை குத்துவதற்கு. ரோலின் பாலிதீன் உறையை அறுக்கும்போது அந்த முனை உறையைத் தாண்டித் துணிக்குள் இறங்கும். சிங்கிள் ஜெர்சியில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணிபோல் ஓடிக்கொண்டே போகும். மேல் சுற்றில் விழுந்த ஒரு குத்து, உள்ளே பல சுற்றுகளில் ஓட்டையாகத் தெரியும். அதனால் கூர்வாய் நேராக ஓடி, முதுகு வளைந்து வந்து அதைத் தொட்டு, முனை மழுங்கலாக முடியும் அலகுதான் வேண்டும். செம்மறியாட்டின் குளம்பு வடிவம் என்பார்கள். கப்பலில் கயிறு அறுப்பவர்கள் காலங்காலமாக வைத்திருப்பதும் இந்த வடிவம்தான்.

ரம்பப்பல் நைலான் கயிற்றுக்கு நல்லது. பின்னல் துணியில் அது கண்ணியைக் கொக்கி போட்டு இழுக்கும். கிளிப்பும் அப்படியே. இடுப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளிப், ரோலைத் தோளில் தூக்கும்போது துணியில் உரசி நூலை இழுத்துவிடும். செக்கிங்கில் ஒரே உயரத்தில் வரிசையாக நூல் இழுப்பு வந்தால் முதலில் ரோல் தூக்குகிறவர்களின் இடுப்பைப் பார்ப்பது என் வழக்கம். பெல்ட் பக்கிளும் கிளிப்பும்தான் அங்கே இருக்கும். கறுப்பு நிறம் எல்லாவற்றிலும் மோசம். நேவி, கறுப்பு பிட்டுக் கட்டுகளுக்கு நடுவே விழுந்த கறுப்புக் கத்தியைத் தேடுவதற்குள் கட்டு தையலுக்குப் போயிருக்கும். பிடி பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணிலும் படும்.

இனி பூட்டு. இதைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாத விஷயம் பஞ்சு. நிட்டிங் ஹாலிலும் ஓவர்லாக் வரிசையிலும் காற்றில் எப்போதும் பஞ்சுத்தூசி மிதக்கும். பாக்கெட்டில் இருக்கும் கத்திக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். எண்ணெய் போட்டிருந்தால் இன்னும் வேகமாகச் சேர்ந்து மாவுபோல் இறுகும். முதுகுப்பூட்டுக் கத்தியில் அலகின் அடியில் ஒரு பள்ளம் உண்டு. பூட்டின் பல் அதில் விழுந்தால்தான் அலகு நிற்கும். பள்ளத்தில் பஞ்சு இறுகியிருந்தால் பல் மேலாக உட்காரும். விரித்தவருக்குப் பூட்டியதுபோலவே இருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியின் பேக்கிங் ஹாலில் அப்படித்தான் நடந்தது. பிளாஸ்டிக் பட்டையை அறுத்துக்கொண்டிருந்த பையன் கத்தியைத் திருப்பி முதுகால் பெட்டி மூடியை நெம்பினான். அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. தையல் போட்டு, விரல் பழையபடி மடங்க வெகுநாள் ஆனது. தன் சொந்தக் கத்தியைத்தான் கொண்டுவந்திருந்தான். கம்பெனி எதையும் கொடுத்திருக்கவில்லை. பிறகு அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தேன். ஊசிமுனையால் அந்தப் பள்ளத்தைக் குடைந்ததும் சாம்பல் நிறத்தில் கட்டியாகப் பஞ்சு வந்தது. ஒரு அரிசி அளவுகூட இருக்காது.

அதற்குப் பிறகு எந்தக் கத்தியை எடுத்தாலும் ஒரே சோதனைதான். ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் கிடக்கும் பஞ்சை எடுத்துப் பூட்டுக்குள் திணிப்பேன். ஒரு துளி மெஷின் எண்ணெயும் விடுவேன். பல தடவை மடக்கி விரிப்பேன். பிறகு அலகின் முதுகைக் கட்டிங் டேபிளின் மர விளிம்பில் வைத்து, விரல்களை அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு அழுத்துவேன். பூட்டு அசையக்கூடாது. இதில் தேறியவை பெரும்பாலும் லைனர் லாக் கத்திகள். அவற்றிலும் பிடியின் முதுகுப்பக்கம் மூடாமல், இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிறு தூண்கள் மட்டும் வைத்துத் திறந்து விட்டவை. பஞ்சு உள்ளே போனாலும் அந்தப் பக்கமாக வெளியே வந்துவிடும். மெஷின் துடைக்க வைத்திருக்கும் ஏர் கன்னால் ஒரு ஊது ஊதினால் சுத்தம். முதுகு மூடிய பிடிக்குள் காற்றடித்தால் பஞ்சு மூலைக்குப் போய் இன்னும் இறுகும்.

பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியையும் நான் மதிக்கிறேன். 1890இலிருந்து செய்கிறார்கள். 1955இல் அதற்கு ஒரு வளையப் பூட்டு சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் பூட்டு, அவ்வளவுதான். பூட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் வளையத்தைத் திருப்ப இரண்டு கை வேண்டும். பீச் மரப்பிடி ஈரத்தில் ஊதிக்கொண்டு அலகு வெளியே வர மறுக்கும். கட்டிங் ஹாலுக்கு ஆகும், சாயப்பட்டறைக்கு ஆகாது.

அடுத்தது எஃகு. கொங்கு மண்ணில் இருந்துகொண்டு எஃகைப் பற்றிப் பேசும்போது கொடுமணலைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. திருப்பூரைத் தாண்டி நொய்யல் கிழக்கே ஓடும் வழியில், சென்னிமலைக்கு மேற்கே, வடகரையில் இருக்கிறது அந்த ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அதுதான். 1980களில் தொடங்கிப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் வைத்து எஃகு செய்த உலைகளின் தடயமும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் இரும்பில் கரியை அளவாகச் சேர்த்து எஃகாக்கும் ஞானம் இருந்திருக்கிறது. கூர் நிற்பதும் மழுங்குவதும் இன்றைக்கும் அந்தக் கரியின் அளவில்தான் தொடங்குகிறது.

கரி மிகுந்த சாதாரண எஃகு சுலபமாகத் தீட்டக்கூடியது, கூரும் அருமையாக ஏறும். ஆனால் துருப்பிடிக்கும். சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும், அதுவும் சாதாரண அளவில் அல்ல. அந்த உப்பு நொய்யலை என்ன செய்தது என்பதை நாடே பார்த்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அதே உப்புத் தண்ணீர் பட்ட கையால் பிடித்த கத்தி ஒரே ராத்திரியில் செம்புள்ளி காட்டும். வெள்ளைத் துணியில் அந்தத் துரு பட்டால் கறை போகாது. துரு வராமல் எண்ணெய் தடவி வைத்தால் எண்ணெய்க் கறை. அதனால் துணி தொடும் இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ்தான். கத்திக்கான ஸ்டெயின்லெஸ், பாத்திர ஸ்டீல்போல் இல்லாமல் காந்தத்தில் ஒட்டும். தப்பித்தவறி ஒரு சில்லு போனாலும் மெட்டல் டிடெக்டர் பிடிக்கும் என்பது கூடுதல் தைரியம்.

ஸ்டெயின்லெஸிலும் எது? இங்கேதான் விலை கூடினால் நல்லது என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். 2001இல் அமெரிக்காவில் வந்த எஸ்30வி போன்ற எஃகுகளில் 4 சதவீதம் வனேடியம் உண்டு. அது எஃகுக்குள் மிகக் கடினமான துகள்களாக இருக்கும். கூர் நெடுநாள் நிற்கும், உண்மை. ஆனால் அந்தத் துகள்கள் எமரியைவிடக் கடினம். மழுங்கிவிட்டால் நம் மெஷின் பெல்ட்டும் கடைக்கல்லும் அதனிடம் திணறும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அது ஹாலில் இருக்காது. மழுங்கிய விலையுயர்ந்த கத்தி அப்படியே டிராயருக்குள் போகும், ஹாக்ஸா பிளேடு வெளியே வரும். ஸ்வீடனின் 12சி27, ஜப்பானின் ஏயுஎஸ்-8 போன்ற நடுத்தர எஃகுகள் நமக்குப் போதும். விக்டோரினாக்ஸ்காரர்கள் தங்கள் கத்தியை ராக்வெல் அளவில் 55–56தான் கடினப்படுத்துகிறார்கள். அதற்கு மேல் போகத் தெரியாமல் அல்ல. வீட்டில் இருக்கும் கல்லில் யாரும் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

மழுங்காத கத்தி என்று ஒன்று கிடையாது. எங்கள் வேலையில் அலகை அதிகம் தின்பது துணி இல்லை, அட்டைப்பெட்டி. அட்டைக்குள் மண்ணும் மாவும் கலந்திருக்கும். அதற்கு அடுத்தது மங்கல் பாலியெஸ்டர். பளபளப்பைக் குறைக்க அந்த இழையில் டைட்டானியம் டை ஆக்ஸைடு தூள் கலக்கிறார்கள். தையல் ஊசியையே தேய்க்கும் சரக்கு அது. காலையில் தீட்டிய கத்தி, மும்முரமான பேக்கிங் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாய் போயிருக்கும். எனவே தீட்டுவது வேலையின் ஒரு பகுதி.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளிது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்போரண்டம் கல் ஒன்று, கொஞ்சம் தண்ணீர், ஒரு பழைய பெல்ட் தோல். கல்லின் மென்மையான பக்கத்தை நனைத்து, அலகை ஏறத்தாழ 20 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும். சாய்வு தெரியாதவர்களுக்கு மார்க்கர் பேனாவைக் கொடுப்பேன். கூர்வாயின் ஓரம் முழுக்க மை பூசி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கச் சொல்வேன். மை மேலோரத்தில் மட்டும் போனால் அலகு அதிகம் படுத்திருக்கிறது, நுனியில் மட்டும் போனால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. ஓரம் முழுவதும் மை போனால் சாய்வு சரி. அப்படியே இழுத்துக்கொண்டு போனால் மறுபுறம் விரலில் தட்டுப்படும்படி மெல்லிய பிசிறு எழும். எழுந்ததும் அலகைத் திருப்ப வேண்டும். கடைசியில் தோலில் பின்பக்கமாக இழுத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். பிறகு ஒரு சிங்கிள் ஜெர்சித் துண்டைத் தொங்கவிட்டு, பிடித்து இழுக்காமல் அலகை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓரம் சீராகச் சுருண்டால் கூர் வந்துவிட்டது. ஒரு கண்ணி கொக்கி போட்டு நீண்டால் அந்த இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது. ஜெர்சித் துணி பொய் சொல்லாது. வேறு எந்தச் சோதனையும் எனக்கு இந்த அளவுக்குத் திருப்தி தந்ததில்லை.

கத்தி யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் அதிகம் இருப்பது பெண்கள். பெரிய கைக்கென்று செய்த டேக்டிகல் கத்தியின் தடித்த பிடி அவர்கள் விரலுக்குள் அடங்காது, விறைப்பான லைனரைத் தள்ளக் கட்டைவிரல் எட்டாது. சேலையிலும் பல சுடிதார்களிலும் பாக்கெட்டே கிடையாது. பேக்கிங்கில் இருந்த ஒரு அக்கா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், பாக்கெட்டுக் கத்தின்னு குடுக்கறீங்க, இதை நாங்க எங்க வெச்சுக்கறதுங்க?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கத்தியோடு ஏப்ரனும் சேர்ந்தது. ஏப்ரனில் உயரமாக ஒரு பை, பையோடு தைத்த நாடா, நாடாவின் நுனியில் கத்தி. பிடியின் வாலில் நாடா கோர்க்கத் துளை இருப்பதை அதிலிருந்து கட்டாயமாக்கினேன். மடக்கிய நீளம் அரைச் சாண், அலகு மூன்று அங்குலம். அதற்கு மேல் நீளம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. இடது கைக்காரர்களுக்கு லைனர் எதிர்ப்புறம் இருக்கும் கத்தியோ, இரண்டு பக்கமும் இயங்கும் பூட்டோ தனியாக வாங்கித் தர வேண்டும். வலது கைக் கத்தியை இடது கையால் மடக்கும்போதுதான் விரல் அலகின் வழியில் வருகிறது.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் மூன்று அங்குலக் கத்தி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் நைட் ஷிப்ட் முடிந்து ரூமுக்கு நடந்து போகும் பையன், அதிலும் வெளி மாநிலத்திலிருந்து வந்து தமிழ் தெரியாத பையன், பாக்கெட்டில் கத்தியோடு ரோந்துக்காரர் முன்னால் நிற்க நேர்ந்தால் சட்டப்பிரிவு அவனுக்கு அந்த நேரத்தில் உதவாது. அதனால் கத்தி கம்பெனியை விட்டு வெளியே போகக்கூடாது. ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்து, ஷிப்ட் தொடங்கும்போது கையெழுத்து வாங்கிக் கொடுத்து, முடியும்போது திரும்ப வாங்க வேண்டும். திரும்ப வாங்கும்போது விரித்துப் பார்த்து, வாயில் சில்லு எதுவும் போயிருக்கிறதா என்று தடவாமல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போயிருந்தால் ஊசி உடைந்ததற்கு என்ன செய்வோமோ அதையே செய்ய வேண்டும்.

புதிதாக யூனிட் போடுகிறவர்கள் என்னிடம் எந்தக் கத்தி என்று கேட்டால் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. மூன்று அங்குல அலகு, மழுங்கிய முனை, ரம்பம் இல்லாத நேர் வாய், நடுத்தர ஸ்டெயின்லெஸ், லைனர் லாக், முதுகு திறந்த பிடி, ஆரஞ்சு நிறம், நாடாத் துளை. கிளிப் இருந்தால் திருகைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இந்தப் பட்டியலுக்குள் வரும் கத்தி சாதாரண விலையிலேயே கிடைக்கிறது. மிச்சமாகும் பணத்தில் கல்லும் ஏப்ரனும் வாங்குங்கள்.

இதற்கும் மேலாக ஒன்று கேட்பேன். தீட்டும் வேலையை மெக்கானிக்கிடம் தள்ளிவிடாதீர்கள். கத்தியைப் பிடிக்கிறவருக்கே கல்லைக் கொடுங்கள், ஷிப்டில் அதற்கென்று பத்து நிமிஷம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தை உற்பத்திக் கணக்கில் சேருங்கள். பீஸ் ரேட்டில் ஓடுகிறவர் தன் கூலியைக் குறைத்துக்கொண்டு கத்தி தீட்ட மாட்டார். மழுங்கியதை வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்துவார், அந்த அழுத்தம்தான் வழுக்கி விரலுக்குப் போகிறது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு முதலாளி கொடுக்கும் கூலிதான் கத்திக்கான உண்மையான விலை. அதைக் கொடுக்கத் தயாராக இருக்கும் கம்பெனியில் நடுத்தரக் கத்தியும் நன்றாக உழைக்கும்.